இனியாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

தஞ்சாவூரில் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தின் அலுவலக அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் ஆறு பக்கம். என் கணவர் இளங்கோ மடியில் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். படிவம் நிரப்பும்போது அவர் கை தயங்கி நான் பார்த்ததில்லை.

நான்காம் பக்கத்தில் கை நின்றது.

குழந்தைக்குச் சிறப்புக் கவனம் தேவைப்படும்படியான நிலை ஏதாவது உண்டா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. பக்கத்தில் நீளமாக ஒரு கட்டம்.

எங்கள் மகள் இனியாவுக்கு அப்போது ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளின் அடியில் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்தாள். திரும்பவும் நுழைந்தாள். மூன்றாவது தடவை வெளியே வந்தபோது புது கவுனின் முன்பக்கம் கறுத்திருந்தது. எதிரே அவள் வயதில் இன்னொரு பெண் குழந்தை, அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன போடட்டும்?” என்று இளங்கோ கேட்டார்.

என் கைப்பையில் டாக்டர் கொடுத்த அறிக்கை இருந்தது. மூன்று பக்கம்.

“உங்களுக்கு என்ன தோணுது?”

“போட்டா சீட்டு கொடுக்க மாட்டாங்க.”

“போடலன்னா?”

“சேந்த பொறவு பாத்துக்கலாம், மலர்.”

அவர் ‘இல்லை’ என்று எழுதினார். நான் தடுக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோது ‘அவர் எழுதினார்’ என்று போடுவதா, ‘நாங்கள் எழுதினோம்’ என்று போடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நாங்கள்தான் எழுதினோம்.

இந்தத் தொடரில் நான் மருந்தாளுநர் ஆன கதையையும் வேலைக்குச் சேர்ந்த கதையையும் படித்துவிட்டு, ‘இவ்வளவு தெளிவாக முடிவெடுக்க உங்களால் எப்படி முடிகிறது?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

சிவப்பு மை

நாங்கள் இருப்பது நீடாமங்கலத்தில். பக்கத்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்து கொடுக்கிறேன். இனியாவை யூ.கே.ஜி.யிலிருந்து எங்கள் ஊர் மெட்ரிக் பள்ளியில்தான் படிக்க வைத்தோம். முதல் வகுப்பில் அவளுடைய டயரியில் வாரம் ஒரு குறிப்பு வரும். இரண்டாம் வகுப்பில் தினமும் வந்தது. எல்லாம் சிவப்பு மையில்.

‘இடத்தில் உட்காரவில்லை.’ ‘பக்கத்துப் பிள்ளையின் பென்சில் டப்பாவைத் திறந்தாள்.’ ‘பாடம் நடக்கும்போது ஜன்னல் கம்பியில் ஏறினாள்.’ ‘கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னாள்.’ ஒரு நாள் வெறுமனே, ‘இன்றும்.’

நான் எதையெல்லாமோ செய்து பார்த்தேன். வல்லாரைக் கீரை ஞாபகசக்திக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் வல்லாரைத் துவையல். கையில் மந்திரித்த கயிறு. சர்க்கரையைக் குறைத்தேன். டி.வி.யை மூடி வைத்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறவர்களிடம், “கண்டதையும் சாப்பிடாதீங்க, டாக்டர் சொன்னத மட்டும் செய்யுங்க” என்று தினமும் சொல்கிற பெண் நான். என் பிள்ளையை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று எனக்கு இரண்டு வருடம் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் இனியாவோடு மாட்டிக்கொண்டேன். ஒருத்தர் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தார். இன்னொருத்தர் சைக்கிளைச் சாய்த்துக் குறுக்குக் கம்பத்துக்கு அடியில் நுழைந்து போனார். பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கித் தண்டவாளத்தை எட்டிப் பார்த்து, திரும்ப ஏறி, மறுபடியும் இறங்கினார்கள். இவர்களில் யாருடைய டயரியிலும் யாரும் எதுவும் எழுதப்போவதில்லை என்று எனக்கு அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி காபி கொடுத்தார்.

“நல்ல பிள்ளைதாம்மா. ஆனா மத்த முப்பத்தொம்பது பிள்ளையையும் நான் பாக்கணும்ல? வேற நல்ல ஸ்கூலாப் பாருங்க. டி.சி.ல ஒண்ணும் எழுத மாட்டேன்.”

டாக்டர் கேட்ட கேள்வி

அதன் பிறகுதான் தஞ்சாவூரில் குழந்தைகள் மனநல டாக்டரிடம் போனோம். எங்களிடம் ஒரு மணி நேரம், இனியாவிடம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் திரும்பவும் வரச் சொல்லி இன்னொரு மணி நேரம். பள்ளி ஆசிரியைக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தனுப்பினார். எல்லாம் முடிந்து, “ஏடிஹெச்டி” என்றார்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். அந்தச் சொல்லைக் கேள்விப்படாதவள் இல்லை. ஆனால் அது சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருவது என்று ஏதோ ஒரு நினைப்பு.

“மூளை வளர்ற விதத்துல இருக்குற ஒரு வித்தியாசம்ங்க. கவனம் ஒரு எடத்துல நிக்காது, உடம்பும் நிக்காது. பிள்ள வேணும்னு பண்றது இல்ல. நீங்க வளத்த விதமும் இல்ல,” என்றார். வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்கினார். மருந்து தேவையா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். “மொத வேலை, ஸ்கூல்ல சொல்லிடுங்க” என்பதை இரண்டு தடவை சொன்னார்.

இடையில் ஒரு கேள்வி கேட்டார். “குடும்பத்துல வேற யாராவது இப்படி இருந்தாங்களா? சின்ன வயசுல?”

“இல்ல சார்,” என்று இளங்கோ உடனே சொல்லிவிட்டார்.

எனக்கு என் அண்ணன் சின்னராசுவின் தலை நினைவுக்கு வந்தது. முகம்கூட இல்லை, எண்ணெய் வழியும் உச்சந்தலை.

என் கை எட்டாது

எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம். நான் இரண்டாவது, அவன் நாலாவது. ஆனால் வாய்ப்பாடு கேட்பது எல்லோருக்கும் பொது.

பதில் சொல்லாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சொன்னவர் போய் ஒவ்வொருவர் தலையிலும் குட்ட வேண்டும். அது வாத்தியாரின் ஏற்பாடு. நான் எட்டாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அண்ணன் வீட்டில் சரியாகச் சொல்வான், அங்கே போய் நின்றதும் கூரையில் போகும் அணிலைப் பார்ப்பான். ‘ஏழெட்டு?’ என்றால் ‘என்ன சார்?’ என்பான்.

என் கை அவன் தலைக்கு எட்டாது. அதனால் அவன் முட்டியை மடக்கிக் குனிந்து கொடுப்பான். மெதுவாகக் குட்டினால், “எப்படிக் குட்டணும்னு காட்டவா?” என்று வாத்தியார் என் தலையில் காட்டுவார். அதனால் நான் ஓங்கித்தான் குட்டினேன். எத்தனை நாள் என்று கணக்கில்லை.

“தங்கச்சியப் பாருடா, எப்படி உக்காந்திருக்கு!” என்பார் வாத்தியார். அது உண்மை. நான் அசையாமல் உட்காருவேன். பள்ளிக்கூடத்தில், லாந்தர் முன்னால், டவுன் ஹாஸ்டலில், பரீட்சை ஹாலில். எங்கள் தெருவிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான். அசையாமல் உட்கார்ந்தே அங்கிருந்து வெளியே வந்தவள்.

அண்ணன் ஐந்தாவதோடு நின்றுவிட்டான். மாடு மேய்த்தான், லாரியில் மூட்டை ஏற்றினான், திருப்பூருக்குப் போய்த் திரும்பி வந்தான். இப்போது நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறான். நல்ல ஓட்டுநர் என்று பெயர். எல்லோரும் அவனை இன்றைக்கும் படிப்பு ஏறாதவன் என்றுதான் சொல்வார்கள். அவனே அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொன்னேன்.

அடங்கிவிட்டாள் என்று நினைத்தோம்

‘இல்லை’ என்று எழுதிய பள்ளியில் இடம் கிடைத்தது. ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். காலையில் ஆறே முக்காலுக்கு வேன். திரும்பி வர ஐந்தரை ஆகும்.

முதல் மாதம் டயரியில் நாலைந்து குறிப்புகள். இரண்டாவது மாதம் குறைந்தது. ஆவணியில் ஒன்றுமே இல்லை. டயரியைத் திறந்து வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் தெரியுமா? இளங்கோ ஒரு நாள், “பாத்தியா, எடம் மாறுனதும் சரியாப்போச்சு” என்றார். டாக்டரிடம் போகவேண்டிய தேதியைத் தள்ளிப்போட்டோம்.

வீட்டிலும் இனியா அமைதியாகத்தான் இருந்தாள். வேனிலிருந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துக்கொள்வாள். களைப்பு என்று நினைத்தேன்.

துணி துவைக்கும்போதுதான் பார்த்தேன். சீருடைச் சட்டையின் காலர் நுனி இரண்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. எலி கடித்துவிட்டதோ என்று அலமாரியைக்கூட ஒழித்துப் பார்த்தேன். மறுவாரம் இன்னொரு சட்டை. முகர்ந்து பார்த்தேன், எச்சில் வாடை.

“இனியா, காலரக் கடிக்கிறியாடா?”

“ஆமா.”

“ஏன்?”

“கடிச்சா எந்திரிக்காம இருக்க முடியுதும்மா.”

ஜெனிபர் மிஸ்

ஐப்பசி அடைமழையில் பெற்றோர் கூட்டம். நாங்கள் இருவருமே போனோம். வகுப்பாசிரியை ஜெனிபருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. முகத்தில் சிரிப்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் இனியாவின் மூன்று நோட்டுகளை எங்கள் பக்கம் தள்ளினார். பாதிக்கு மேல் எழுதப்படாத பக்கங்கள்.

“வீட்டுல எதையாவது மறைக்கிறீங்களா மேடம்?” என்று நேரடியாகக் கேட்டார்.

இளங்கோ என்னைப் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்து அந்த மூன்று பக்கங்களை எடுத்து மேசையில் வைத்தேன். ஜூனிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது. மடிப்பு கறுத்துப்போயிருந்தது.

ஜெனிபர் படித்தார். முதல் பக்கத்தைத் திரும்பவும் படித்தார்.

“இத ஏங்க மொத நாளே கொடுக்கல?”

“சீட்டு கிடைக்காதுன்னு...” என்று இளங்கோ ஆரம்பித்தார்.

“நாலு மாசமா அவளத் திமிரு புடிச்சவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார். தனியா உக்கார வச்சேன். பேசாதன்னு மத்த பிள்ளைங்ககிட்ட சொன்னேன். ரெண்டு வாரம் பிளே பீரியட் கட் பண்ணேன். ஓட வேண்டிய பிள்ளைய ஓட விடாம உக்கார வச்சேன்.” அறிக்கையை மேசையில் வைத்தார். “என்னையும் இப்படிப் பண்ண வச்சுட்டீங்களே.”

பின்னால் நின்ற பெற்றோர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகத்துக்கு விஷயம் போனது. படிவத்தில் தவறான தகவல் தந்தது எங்கள் குற்றம்தான், மறுக்கவில்லை. வருடக் கடைசி வரை இருக்கலாம், அடுத்த வருடம் தொடர வேண்டுமானால் இனியாவின் பக்கத்திலேயே நாள் முழுதும் உட்காரும் ஒரு தனி ஆசிரியையை நாங்களே அமர்த்த வேண்டும் என்றார்கள். தஞ்சாவூர் முழுக்கத் தேடினோம். அப்படிப்பட்ட வேலைக்கு யாரும் கிடைக்கவில்லை.

ஆனால் வகுப்பில் மாற்றம் வந்தது. ஜெனிபர் மிஸ் மறுநாள் இனியாவைக் கூப்பிட்டு ஸாரி சொன்னாராம். முன் பெஞ்சில் உட்கார வைத்தாராம். கரும்பலகையை அழிப்பது, நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவள் வேலை ஆனது. காலர் பிரிவது நின்றது. “மிஸ் நல்லவங்கம்மா” என்றாள்.

அதோடு எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. போகவா, இருக்கவா?

ஜெனிபரிடமே போனில் கேட்டேன். “இந்த வருஷம் நான் பாத்துக்குறேன் மேடம். அடுத்த வருஷம் அவளுக்கு யாரு வருவாங்கன்னு எனக்கே தெரியாது. நான் எதையும் சொல்லி உங்கள நம்ப வைக்க விரும்பல,” என்றார்.

சொல்லிக்கொண்டு போனபோது

இந்தத் தடவை எந்தப் பள்ளியில் நுழைந்தாலும் முதல் வாக்கியமே ஏடிஹெச்டி பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் இளங்கோவிடம் சொல்லிவிட்டேன். மார்கழி முழுவதும் சனிக்கிழமைகளில் அதே வேலை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில், “எங்க ஸ்கூல்ல அந்த மாதிரிப் பிள்ளைங்க ஒண்ணுகூட கிடையாதுங்க” என்று பெருமையாகச் சொன்னார்கள். திருவாரூரில் ஒரு தலைமை ஆசிரியர், “ஒரு வருஷம் நம்ம கையில குடுங்க, நிமித்தித் தர்றேன்” என்று சிரித்தார். அவருடைய மேசைக்குப் பின்னால் பிரம்பு சாத்தியிருந்தது. இளங்கோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் மதர் பொறுமையாகக் கேட்டார். அறிக்கையைப் படித்தார். “எங்ககிட்ட ஒரு கிளாஸ்ல அம்பத்தி ரெண்டு பேரு. பாத்துக்குறேன்னு சொல்லலாம். சொன்னா பொய்யாப் போயிடும்மா,” என்றார். அன்று திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. அந்த மதர் மேல் மரியாதையும் வந்தது.

கடைசியாக, எங்கள் சுகாதார நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அங்கே போகவேண்டும் என்று திட்டம் இல்லை. தலைமை ஆசிரியை தமிழரசி ரத்த அழுத்த மாத்திரைக்கு என் ஜன்னலுக்கு வருகிறவர். மாத்திரையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொல்லிவிட்டேன்.

“அட, எங்கிட்ட அப்படி மூணு பேரு இருக்காங்களே! அதுக்குப் பேருதான் தெரியாம இருந்துச்சு,” என்றார்.

முப்பத்தோரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். வாரம் ஒரு நாள் சிறப்புப் பயிற்றுநர் வந்து போவார். சுற்றிலும் வயல், நடுவில் ஒரு புங்கமரம்.

எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. இளங்கோவிடம் சொன்னால் குதிப்பார் என்று நினைத்தேன். அவருடைய அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். மகளை ஆங்கிலப் பள்ளிக்கு வேனில் அனுப்புவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர், “அங்கயே போட்டுடலாம் மலர். நாலாம் பக்கத்துல நான் எழுதுனது எனக்கு இன்னும் உறுத்துது,” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும், அதுவரை அரசுப் பள்ளிப் பக்கம் சாய்ந்திருந்த நான் மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். இங்கிலீஷ் என்ன ஆவது? நாங்கள் கஷ்டப்பட்டு வெளியே வந்தது திரும்பவும் அங்கேயே கொண்டுபோய் விடவா? இப்படி ஒரு வாரம் அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. அடுத்த வாரம் மாற்றிக்கொண்டோம்.

அதுக்குப் பேரு இருக்கா?

பொங்கல் கழிந்து சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அண்ணனைப் பார்க்க வயலுக்கே போனேன். இயந்திரம் வரப்போரம் வந்து நின்றது. அவன் எஞ்சினை அணைத்ததும் காது கொய்யென்றது. புருவத்திலும் இமையிலும் பதர்த் தூசி. தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி முகத்தில் ஊற்றிக்கொண்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டதையும் சொன்னேன்.

“உனக்கும் இது இருந்திருக்கும்னு எனக்குத் தோணுதுண்ணே. டாக்டர் சொல்லல. நானாத்தான் நெனைக்கிறேன்.”

அவன் அறுத்த தாளில் ஒன்றைப் பிடுங்கி விரலில் சுற்றினான்.

“அதுக்குப் பேரு இருக்கா?”

“ஏடிஹெச்டி.”

“எழுதிக் குடு.”

மருந்துச் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தான். போனின் பின்மூடியைக் கழற்றி, சீட்டை நாலாக மடித்து உள்ளே வைத்து மூடினான்.

“வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“அப்ப யாருக்கும் தெரியாதுண்ணே.”

“ம்.”

“அண்ணே, நான் உன்ன அப்ப குட்டுனது...”

“அதெல்லாம் வலிக்கவே இல்ல. உன் கை அப்ப எம்மாம் பெருசு இருந்துச்சு?” என்றான். பிறகு குரலை இறக்கி, “ஒண்ணு மட்டும் சொல்றேன், கேளு. பாப்பாவ நாம படிச்ச மாதிரிப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ப் போட்டுடாத. கெஞ்சிக் கேக்குறேன். பெரிய ஸ்கூல்லயே இருக்கட்டும்.”

“அங்கதானண்ணே காலரக் கடிச்சா.”

“கடிக்கட்டுமே. சட்டைதானே?”

அவனுக்குக் கிடைக்காத ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்கிறான். அது அவளுக்கு நல்லதா என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வயலின் அந்தக் கோடியிலிருந்து உரிமையாளர் கை காட்டினார். அண்ணன் ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.

மூன்று கேள்விகள்

“ஒரு நாள் சும்மா அனுப்பி வைங்களேன்,” என்றார் தமிழரசி டீச்சர். மாசி மாதத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு ஏதோ உள்ளூர் விடுமுறை. எங்களுடையது திருவாரூர் மாவட்டம், இங்கே பள்ளிக்கூடம் உண்டு. அனுப்பினேன்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒருத்தருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வேறு பாட்டிலை எடுத்துவிட்டு, கொடுப்பதற்கு முன் பார்த்துத் திரும்ப வைத்தேன்.

நாலு மணிக்கு வெளியே வந்தவளிடம், “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“முட்டை நல்லா இருந்துச்சு.”

“அது சரி, ஸ்கூலு?”

“நல்லா இருந்துச்சு.”

“இதுவா, அதுவா? எது புடிச்சிருக்கு?”

யோசித்தாள். “ஜெனிபர் மிஸ் இங்க வந்துட்டா நல்லா இருக்கும்.”

என்னால் அதைச் செய்ய முடிந்திருந்தால் அன்றே செய்திருப்பேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தது. பிள்ளை எப்படி என்று அவர் சொல்லப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் கேள்விதான் கேட்டார்.

“எல்லாரும் சேந்து சத்தமா வாசிக்கிறப்ப காதப் பொத்திக்கிறாளே, வீட்டுல மிக்ஸி போட்டாலும் அப்படித்தானா?”

“ஆமாங்க டீச்சர்.”

“சொன்ன வேலைய ரெண்டா பிரிச்சுக் கொடுத்தா முடிச்சிடுறா. மொத்தமாக் கொடுத்தா பாதில எங்கயோ போயிடுறா. சரியா?”

“சரிங்க.”

“ஜன்னல் திட்டுல நோட்ட வச்சு நின்னுக்கிட்டே எழுதுனா. ஒரு பக்கம் முழுசா எழுதிட்டா. வீட்டுலயும் நின்னுக்கிட்டுதான் எழுதுவாளா?”

எனக்குத் தெரியாது. எட்டு வருடமாக அவளை உட்கார வைக்கத்தான் நான் பாடுபட்டிருக்கிறேன். நின்றுகொண்டு எழுத அவளை ஒரு நாளும் விட்டதில்லை.

“எனக்குத் தெரியலங்க டீச்சர்,” என்றேன்.

“பரவால்ல, பாப்போம்,” என்று போனை வைத்துவிட்டார்.

அந்த போனால்தான் முடிவெடுத்தோம். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. ஜெனிபர் மிஸ் கடைசி நாளில் இனியாவுக்கு எது ஒத்துவரும், எது வராது என்று ஒரு தாளில் முன்னும் பின்னும் எழுதிக் கொடுத்தார். அதைத் தமிழரசி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் அதை இனியாவின் நோட்டுக்கு அட்டை போடுவதுபோல் கவனமாக பாலிதீன் உறையில் போட்டு வைத்துக்கொண்டார். அண்ணன் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இந்த வாரம் வரை

இனியா இப்போது நான்காம் வகுப்பு. எழுத்து இன்னும் கோணல்தான். கணக்கில் பாதியில் எழுந்து போய்விடுகிறாள், போனவள் சில நாள் திரும்பி வந்து முடிக்கிறாள். ஒரு தடவை ஒரு பையனின் ஸ்லேட்டை உடைத்துவிட்டாள். ஆங்கிலம் பின்தங்கிவிட்டது, அதை நான் உணர்கிறேன். டாக்டரிடம் மாதம் தவறாமல் போகிறோம். புதன்கிழமை வரும் சிறப்புப் பயிற்றுநர் அவளுக்குப் பிடித்தவர் ஆகிவிட்டார். வேன் இல்லாததால் காலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறாள். இதில் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தமிழரசி டீச்சருக்கு இந்த வருடமோ அடுத்த வருடமோ மாறுதல் வரலாம் என்று பேச்சு. அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆக, இன்னும் கொஞ்ச நாளில் நானும் இளங்கோவும் திரும்பவும் சனிக்கிழமைகளில் கிளம்ப வேண்டியதுதான். இந்த முறை அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

கடந்த திங்கட்கிழமை. பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்த நாள். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரைப் பள்ளி வாசலில் நிறுத்தினேன். முன்னால் நின்றுகொண்டு வந்த இனியா இறங்கவில்லை.

“அம்மா, இந்த ஸ்கூல்லேருந்து என்ன எப்ப அனுப்புவாங்க?”

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் வண்டியின் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

“அஞ்சாவது முடிஞ்சதும் எல்லாருமே வேற ஸ்கூல்தான்டா.”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடி எதுக்கு அனுப்பப் போறாங்க?”

“நான் சேட்டை பண்ணா?”

“பண்ணா டீச்சர் திட்டுவாங்க.”

“திட்டிட்டு?”

“திட்டிட்டு அடுத்த பாடம் நடத்துவாங்க.”

“நிச்சயமாவா?”

‘நிச்சயமா’ என்று சொல்லியிருக்கலாம். எந்த அம்மாவும் சொல்லியிருப்பாள். எனக்கு அது நாக்கு நுனி வரை வந்தது.

“நான் அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா நிச்சயமாத் தெரியாதுடா.”

என் முகத்தையே பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

“எனக்கும் தெரியல,” என்றாள். பிறகு குதித்து இறங்கி, புங்கமரத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள். புத்தகப் பை வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.